காரணம் எழுதும் கட்டம்

போன வாரம் டில்லிபாபு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மீஞ்சூர் பக்கம் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த வால்வு கம்பெனியில் இப்போது அவன்தான் சங்கச் செயலாளர். படத்தில் இருந்தது பதவி உயர்வுப் படிவம், புதிதாக அச்சடித்தது. பெயர், பிரிவு, எத்தனை வருட வேலை, பரிந்துரை உண்டா இல்லையா, அதிகாரி கையெழுத்து. அவ்வளவுதான். கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘காரணம் கட்டத்த தூக்கிட்டாங்கண்ணா.’

உடனே போன் போட்டேன்.

“இனிமே தகுதி மட்டும்தானாம்ணா. நோட்டீசே ஒட்டிக்கிறாங்க. புதுசா வந்த பசங்க, அந்தக் கட்டம் இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னான்னு கேக்குதுங்க. நீ சங்க மலருக்கு எழுதிக் குடுண்ணா. அந்தக் கட்டத்தால பெஞ்சுக்குப் போன மொத ஆளு நீதான?”

நான்தான். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தால் மாட்டிக்கொண்டவனும் நான்தான். இரண்டையும் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தோணிரேவு. என் நைனா, ஏரியில் சுத்து வலை கட்டி இறால் பிடித்தவர். கம்பெனிக்கு மதில் எழுப்பியபோது கரையோர ஊர்களில் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். ஐடிஐயில் பிட்டர் படித்திருந்த என்னை எடுத்துக்கொண்டார்கள். படிப்பு, பயிற்சி, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான், அதற்காகத் தாளை வீணாக்க வேண்டாம்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பெட்லிங்கில் இருந்தோம். வார்ப்பிலிருந்து வரும் இரும்பின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் வேலை அது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். உள்ளே தள்ளி, விசிறி போட்ட கொட்டகையில், வால்வு ஒழுகுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சு. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள், வெள்ளைச் சட்டை அழுக்காகாதவர்கள். எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஏரி செட்டு’. கேண்டீனில் நாங்கள் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சி, “கவுச்சி அடிக்குதுப்பா” என்பார். ஒருநாள் நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். தயிர் சாதம். அன்றைக்கும் அவருக்குக் கவுச்சி அடித்தது.

இப்போது ரகுநாதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். நான் சேர்ந்த அடுத்த வருடம் இளம் பொறியாளராக வந்து, கடைசியில் ஜெனரல் மேனேஜர் ஆனார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பேனாவைத் திறந்தால் முதலில் கைக்குட்டையால் முனையைத் துடைப்பார், எழுதி முடித்ததும் இன்னொரு தடவை துடைத்து மூடுவார். பச்சை மை. வருடத்துக்கு ஒருமுறை, பெஞ்சுக்கு யாரை அனுப்பலாம் என்ற பட்டியல் அவர் மேசைக்குப் போகும். ஏரி செட்டில் யாரையும் அவர் வேண்டாம் என்று எழுதியதே கிடையாது. பெயருக்கு நேரே ஒரே ஒரு சொல் எழுதுவார்: ‘பழகட்டும்’.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். கோபப்படவும் முடியாது. எனக்கு நேராக அந்தச் சொல் ஒன்பது வருடம் எழுதப்பட்டது. அந்த ஒன்பது வருடத்தில், வெர்னியர் அளவுகோல் பிடிக்க நானே கற்றுக்கொடுத்த நாலு வெளியூர்ப் பையன்கள் எனக்கு முன்னால் பெஞ்சுக்குப் போனார்கள். அவர்கள் சீக்கிரம் பழகிவிட்டார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியை வாங்கியிருந்த வெளிநாட்டுத் தலைமையிடமிருந்து ‘சம வாய்ப்புத் திட்டம்’ வந்தது. அவர்கள் நாட்டில் கறுப்பர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்ததற்கு எதிராகப் பிறந்த விதிகளாம். எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். இங்கே கறுப்பர் வெள்ளையர் யார் என்று ஆபீசில் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, உடனே புரிந்தது. மீனவக் குடும்பம், பட்டியல் சாதி, பழங்குடி, பெண்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. இவர்களில் ஒருவரை மேல் வேலைக்கு அனுப்பவில்லை என்றால், ஏன் என்று ஒரு முழு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகப் படிவத்தில் ஒரு கட்டம். ஒற்றைச் சொல் செல்லாது. பழகட்டும் என்றால் எதை, யாரிடம், எத்தனை மாதம் என்று எழுத வேண்டும். திட்டம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது இந்தக் கட்டம் ஒன்றுதான்.

ரகுநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். “உட்காருங்க கோவிந்தன்” என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. படிவம் அவர் முன்னால் இருந்தது. பேனா முனையைத் துடைத்துவிட்டு அப்படியே வைத்திருந்தார்.

“உங்கள ஏன் பெஞ்சுக்கு அனுப்பலன்னு காரணம் கேக்கறாங்க. என்ன எழுதட்டும்?”

கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

“எனக்கும் அதான் சார் தெரியணும்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கட்டத்தைக் காலியாக விட்டு, ‘பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஒன்பது வருடமாக அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பெஞ்சில் என் பெயர் ‘கோட்டா கோவிந்து’ ஆனது. வைத்தவன் வரதன், எனக்கு ஆறு மாதம் முன்னால் பெஞ்சுக்கு வந்தவன். மூன்றாவது வாரம் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஒழுகுகிற வால்வு ஒன்று திரும்பி வந்தது. பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, “கோட்டாவுல வந்தா இப்படித்தான்” என்று பேச்சு கிளம்பிவிட்டது. திறந்து பார்த்தால் வரதன் கையெழுத்து. பேச்சு நின்றது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் பெஞ்சில் கிடையாது.

நானும் விடவில்லை. இவர்கள் வாயை மூட வேண்டும் என்றே வேலை கற்றேன். எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன், புதியவர்கள் குறித்துக்கொள்ளலாம். வால்வைப் பெஞ்சில் ஏற்றி இரண்டு பக்கமும் இறுக்கி, பாதி திறந்த நிலையில் தண்ணீர் நிரப்ப வேண்டும். மேலே உள்ள சின்னத் திருகைத் தளர்த்தினால் காற்று குமிழ் குமிழாக வரும். கடைசிக் குமிழ் போகும்வரை காத்திருக்க வேண்டும். காற்று உள்ளே தங்கினால் அது சுருள்வில் மாதிரி சுருண்டு கிடந்து ஆளை அடிக்கும். பிறகு வால்வின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இதைத்தான் சோம்பேறிகள் விடுவார்கள். துடைக்காவிட்டால் பழைய ஈரம் எது, புதிய கசிவு எது என்று எப்படித் தெரியும்? அதன் பிறகு மெதுவாக அழுத்தம் ஏற்றி, இரண்டு பிரஷர் கேஜும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்த்து, பம்ப்பை மூடிவிட்டு, பெரிய வால்வு என்றால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். டார்ச் அடித்து மூட்டு மூட்டாகப் பார்க்கலாம். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் கை படக்கூடாது. முடிந்ததும் வார்ப்பு எண்ணோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து. ஆளின் பெயர் அந்தப் பதிவேட்டில்தான் உருவாகும். ஆபரேட்டர் கிரேடு வேண்டுமானால் பெரிய வால்வில் தனியாகச் செய்த பதிவுகள் வேண்டும்.

சில வருடங்களில் நானே பெஞ்சுக்குப் பொறுப்பாளர் ஆனேன். வந்ததும் ஒரு தகராறு. பெரிய வால்வு பெஞ்சில் யார் நிற்பது என்று வாராவாரம் சண்டை. வல்லவன் பிடித்துக்கொள்வான், மற்றவர்கள் சின்ன வால்வோடு மாரடிப்பார்கள். எங்கள் ஏரியில் இதற்கு ஒரு வழி உண்டு. பாடு என்று பெயர். இறால் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். சீட்டு விழுந்தால் ஏழைக்கும் நல்ல இடம்தான், பணக்காரனுக்கும் மோசமான இடம்தான். இதையே பெஞ்சில் கொண்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் பெயர்களை எழுதி, ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கி எடுப்போம். சண்டை நின்றே போனது. ரகுநாதன் சார் வந்து பார்த்து, “பிரமாதம் கோவிந்தன்” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. தலைமையிடத்துக்குக்கூட இதைப் பற்றி ஒரு அறிக்கை போனது.

கடைசி மூன்று வருடம் பெஞ்சில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். நான் எழுதியது ஏழு சீட்டு.

எட்டாவது ஆள் கன்னியம்மா. இருளர் பெண். பசியாவரம் பக்கத்திலிருந்து படகில் கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பாள். ஐடிஐ முடித்து, அதே திட்டத்தில் தேர்வாகி, பெஞ்சுக்கு ஹெல்பராக வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. யாருக்குச் சீட்டு விழுந்தாலும் அவருக்கு உதவி அவள்தான். முதல் வருடத்திலேயே வேலை முழுக்கக் கற்றுவிட்டாள். எனக்கு இடுப்புவலி வந்த நாட்களில் சோதனை முழுவதையும் அவள் செய்வாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவேன். மற்றவர்களும் அப்படித்தான். அவளுக்கு ஏன் சீட்டு இல்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. இது சத்தியமான உண்மை.

என்னுடைய கடைசி வருடம் அது. கடல் தாண்டி அந்த நாட்டில் ஆட்சியும் பேச்சும் மாறின. இத்தகைய திட்டங்களால்தான் தகுதியுள்ளவர்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்று அங்கே குரல் எழும்பியதாம். எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சம வாய்ப்புத் திட்டம் நிறுத்தப்படுகிறது. அதன் வழியே வந்து இன்னும் கிரேடு வாங்காதவர்கள் மறு ஆய்வு செய்யப்படுவார்கள். தனியாகச் செய்த சோதனைப் பதிவுகளே அளவுகோல். பதிவு இல்லாதவர்கள் பேக்கிங் கொட்டகைக்கு, ஒப்பந்தக் கூலியாக. பெஞ்சில் சிலர் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். வரதன் எனக்கும் ஒன்று நீட்டினான். வாங்கிக் குப்பையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் கன்னியம்மா பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். மூன்று வருடப் பக்கங்கள். அவள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

“அண்ணா, என் சீட்டு எங்க?”

என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். “நீ கொஞ்சம் பழகட்டுமேன்னுதான் கன்னியம்மா...”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு அந்தச் சொல்லின் கதை தெரியாது. ஆனால் அதன் அர்த்தம் தெரிந்திருந்தது.

“மூணு வருசமா இன்னா பழகலண்ணா நானு? நீங்க குந்திகினு கையெழுத்துப் போட்டீங்களே, அந்த வால்வெல்லாம் யாரு டெஸ்ட் பண்ணது? உங்க ஊரு பாடு சீட்டுலயும் எங்க ஆளுங்க பேரு கெடியாது. எங்கம்மா வாயில பறிக் கூடையக் கவ்விகினு, சேத்துல கையாலத் தடவி எறா புடிக்குது. அதுக்கே, எங்க எடத்துக்கு ஏன் வர்றீங்கன்னு உங்க ஆளுங்க வெரட்டுவாங்க. இங்கயும் வந்து நானு தடவிகினே இருக்கணுமா?”

பாடு முறைக்குப் பெயர் எழுதுவது என்றால் எங்கள் ஊரில் தலைக்கட்டுகளை எழுதுவது. எங்கள் குடும்பங்களின் கல்யாணமான ஆம்பளைகள். இருளரின் பெயர் அதில் வராது. வர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து யாரும் நினைத்ததுமில்லை. அந்த முறையைப் பெஞ்சுக்குக் கொண்டு வந்தபோது, அந்தப் பழக்கமும் என் விரலோடு வந்துவிட்டது. என்னைக் கோட்டா என்று கூப்பிட்ட வரதனின் பெயரை வாராவாரம் அழகாக எழுதினேன். அவள் பெயரை எழுதவில்லை. ஏழு சீட்டு, ஏழு ஆம்பளைகள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மறு ஆய்வுப் படிவம் என்னிடம்தான் வந்தது. பொறுப்பாளர் நிரப்ப வேண்டும். ‘தனிப் பதிவுகள் இல்லாததற்குக் காரணம்’ என்று கட்டம் போட்டிருந்தார்கள். வரதன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான்: “போதிய அனுபவம் இல்லைன்னு எழுதிட்டுப் போங்க. அஞ்சு மாசத்துல ரிட்டயர்டு. இன்னாத்துக்கு வம்பு?”

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. உண்மையை எழுதினால், வேறொருவர் செய்த சோதனைக்கு நான் கையெழுத்துப் போட்டேன் என்று ஆகும். சான்றிதழ் விஷயத்தில் அது பெரிய குற்றம். என்னைப் பிடிக்காதவர்கள் இத்தனை வருடம் காத்திருந்த விருந்து அது. கோட்டா கோவிந்து கள்ளக் கையெழுத்துப் போட்டான் என்று மீஞ்சூர் ஸ்டேஷன் வரை பேசுவார்கள். பயந்தேன். இரண்டு நாள் படிவத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது நாள் உட்கார்ந்து எழுதினேன்.

‘இவரிடம் குறை எதுவும் இல்லை. மூன்று வருடமாகப் பெரிய வால்வு சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் இவர். கையெழுத்துப் போட்டது நானும் மற்றவர்களும். குலுக்கலில் இவர் பெயரை நான் எழுதவில்லை. அதற்கு என்னிடம் நியாயமான காரணம் இல்லை.’

ரகுநாதன் சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத எழுதாம இருந்திருக்கலாமே கோவிந்தன். திட்டத்தால வந்தவங்களே இப்படின்னு பேசறதுக்கு நீங்களே எடுத்துக் குடுக்கறீங்க.”

“கையெழுத்துப் போட்ட மத்த ஆறு பேரு எந்தத் திட்டத்துல வந்தாங்க சார்?”

அவர் பேனாவைத் துடைத்தார். எழுதவில்லை.

விசாரணை நடந்தது. சென்னையிலிருந்து மனிதவளப் பிரிவு அம்மா ஒருவர் வந்திருந்தார். கன்னியம்மாவைப் பார்த்து, “இவ்வளவு நாளா ஏன் சொல்லல?” என்றார்.

“சொல்லியிருந்தா பெஞ்சுல நிக்க வுட்டிருப்பீங்களாம்மா?” என்றாள் கன்னியம்மா.

அந்த அம்மா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். கன்னியம்மா கை பட்ட வால்வுகளில் ஸ்டோரில் மிச்சம் இருந்ததையெல்லாம் மறுபடியும் பெஞ்சில் ஏற்றினார்கள். ஒன்றுகூட ஒழுகவில்லை. தகுதி மட்டும்தான் அளவுகோல் என்று சொன்னவர்களுக்கு அதற்கு மேல் போக வழியில்லாமல் போயிற்று. அவளைப் பெஞ்சிலேயே வைத்துக்கொண்டார்கள். கிரேடுக்கு நாலு மாதம், அதற்குள் தனிப் பதிவுகள் வேண்டும் என்றார்கள். எனக்கு மெமோ. பொறுப்பிலிருந்து இறக்கி, கடைசி நாலு மாதமும் ஹெல்பர். மற்ற ஆறு பேருக்கு எச்சரிக்கை. வரதன் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை.

இதை ஊர்க் கூட்டத்திலும் போய்ச் சொன்னேன். பாடு சீட்டில் இருளர் பெயரையும் எழுத வேண்டும் என்றேன். என் சொந்தத் தம்பியே எழுந்து, “கம்பெனிலதான் கோட்டான்னா, ஏரிலயுமா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு நோட்டை எடுத்து நடுவில் வைத்தேன். “வேணாம்னா வேணாம். ஏன்னு ஒரு வரி எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க” என்றேன். நோட்டு ஒரு சுற்று வந்தது. யாரும் எழுதவில்லை, சீட்டும் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் அந்த நோட்டோடு போனேன், இனியும் போவேன். என் தம்பிக்கு என்னைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. வரட்டும்.

புதிய பிள்ளைகளே, தகுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தகுதியைப் பதிவேட்டில் எழுதுகிற கை யாருடையது என்று பாருங்கள். அது என் கையாக இருந்தாலும் பாருங்கள். கட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்றால் வாயால் கேளுங்கள். கேட்பதற்கு அச்சடித்த தாள் தேவையில்லை.

பொறுப்பிலிருந்து இறக்கிய அடுத்த திங்கட்கிழமை ஹெல்மெட்டில் ஏழு சீட்டு இருந்தது, என் சீட்டு இல்லாமல். பெரிய வால்வுக்கு கன்னியம்மாவின் பெயர் வந்தது. நான் அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் நிரப்பினாள், குமிழ் போகும்வரை குனிந்து பார்த்தாள், துணியை வாங்கித் துடைத்தாள். அழுத்தம் ஏற்றி பம்ப்பை மூடினாள். மூட்டில் ஒரு சொட்டு ஈரம் இருப்பது போல எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் பொறுப்பாளராக இருந்தவன் அல்லவா, தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

“கைய எடுங்கண்ணா” என்றாள் அவள், கேஜிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது.”

கையை எடுத்துக்கொண்டேன்.